கடனோடு சேர்த்துக் கைமாறிய நாடு

டாலர் நோட்டில் வெள்ளை முடியோடு முறைத்துக்கொண்டிருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி எழுத பி.காம் படிக்கிற எனக்கு என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. முதல் வருஷ அக்கவுண்டன்ஸியில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கடை நாளைக்கே மூடிவிடாது, தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுகிறோம். 1789-ல் அமெரிக்காவைப் பார்த்து அப்படி வைத்துக்கொள்ள நிறையப் பேருக்குத் தைரியம் வந்திருக்காது.

சுதந்திரப் போரை நடத்தியதே கடனில்தான். போர்க்காலத்தில் அச்சடித்த காகிதப் பணம் செல்லாக்காசாகிவிட்டது. அதுவரை இருந்த மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாகாணங்களிடம் கைநீட்டிக் கேட்க வேண்டும், கொடுத்தால் உண்டு. அந்த நிலைமையில்தான் 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் பதவி ஏற்றார். செனட்டோ அவரை என்ன பட்டம் சொல்லிக் கூப்பிடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. துணை ஜனாதிபதி ஜான் ஆடம்ஸுக்கு ராஜாக்களுக்கு உரிய மாதிரி நீளமாக ஒன்று வேண்டும். கடைசியில் வெறும் 'மிஸ்டர் பிரசிடெண்ட்' என்று முடிந்தது. நல்லவேளை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாஷிங்டனின் நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் ஓர் அறிக்கை கொடுத்தார். மத்திய அரசின் கடன் ஏறக்குறைய 5.4 கோடி டாலர். மாகாணங்களின் கடன் என்று அவர் போட்ட கணக்கு 2.5 கோடி. இரண்டையும் மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றார்.

சண்டை வந்தது. போரில் ரத்தம் சிந்திய சிப்பாய்க்குச் சம்பளத்துக்குப் பதில் பத்திரம் கொடுத்திருந்தார்கள். அவன் பசிக்கு அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டான். இப்போது அரசு முகமதிப்பை ஏற்றுக்கொண்டால் லாபம் யாருக்கு? வாங்கிப் பதுக்கிய வியாபாரிக்கு. முதலில் வைத்திருந்தவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று ஜேம்ஸ் மேடிசன் வாதாடினார். காங்கிரஸ் கேட்கவில்லை. பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்று முடிவானது. நாம் மெர்கன்டைல் லாவில் படிக்கிற 'ஹோல்டர்' கதைதான். மனசு மேடிசன் பக்கம் போகிறது. ஆனால் விற்றவனைத் தேடிப் போய்ப் பணம் கொடுக்கும் அரசின் பத்திரத்தை அடுத்த முறை யார் நம்பி வாங்குவார்கள் என்று யோசித்தால் ஹாமில்டன் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

மாகாணக் கடன் விஷயம் ஒரு சாப்பாட்டு மேஜையில் முடிந்தது. 1790 ஜூனில் தாமஸ் ஜெஃபர்சன் ஹாமில்டனையும் மேடிசனையும் விருந்துக்கு அழைத்தார். கடனை மத்திய அரசு ஏற்கும், பதிலுக்குத் தலைநகரம் தெற்கே பொடோமக் நதிக்கரைக்குப் போகும். ஹாமில்டன் தன்னை ஏமாற்றிவிட்டதாக ஜெஃபர்சன் பிற்பாடு புலம்பினார்.

அடுத்தது வங்கி. 1 கோடி டாலர் மூலதனம், 20 வருஷ உரிமம். அரசியல் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று ஜெஃபர்சன் எழுதிக் கொடுத்தார், உண்டு என்று ஹாமில்டன் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் வாங்கிப் படித்த வாஷிங்டன் 1791 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டார். கடன் கட்டப் பணம் வேண்டுமே என்று சாராயத்துக்கு வரி போட, 1794-ல் பென்சில்வேனியாவில் கலகம் வெடித்தது. ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, பாதி வழி வரை வாஷிங்டனே கூடப் போனார். தேசத்துரோகக் குற்றத்தில் தண்டனை பெற்ற இருவரையும் பிறகு மன்னித்தும் விட்டார்.

இரண்டு தடவை போதும் என்று அவர் 1797-ல் வீட்டுக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆடம்ஸ் காலத்தைத் தாண்டிப் போகிறேன். அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, தோற்றபின் நாற்காலியை விட்டு எழுந்தது. 1801 மார்ச் 4 அன்று விடிவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார், ஜெஃபர்சனின் பதவியேற்புக்கு நிற்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார், ஆனால் போனார்.

என்னைக் கவர்ந்த இடம் இனிமேல்தான். பத்து வருஷமாக ஹாமில்டனின் ஏற்பாடு முழுவதையும் திட்டியவர் இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்தார்? சாராய வரியை ஒழித்தார், ராணுவச் செலவை வெட்டினார். ஆனால் பழைய கடனில் ஒரு டாலரையும் 'அது அவன் வாங்கியது' என்று தள்ளவில்லை. வங்கியையும் மூடவில்லை. 1801-ல் சுமார் 8.3 கோடியாக இருந்த கடன், அவர் 1809-ல் இறங்கும்போது 5.7 கோடி.

இதன் பலன் 1803-ல் தெரிந்தது. நெப்போலியன் லூசியானா முழுவதையும் விற்கத் தயார், விலை 1.5 கோடி டாலர். நாட்டின் பரப்பு இரண்டு மடங்காகிவிடும். கையில் அவ்வளவு ரொக்கம் கிடையாது. 1.125 கோடிக்கு 6 சதவீத வட்டியில் அரசுப் பத்திரம் கொடுத்தார்கள். லண்டனின் பேரிங்கும் ஆம்ஸ்டர்டாமின் ஹோப்பும் அவற்றை வாங்கி நெப்போலியனுக்குப் பணம் கொடுத்தன. பிரிட்டன் அப்போது நெப்போலியனோடு போரில் இருந்தது என்பது தனி வேடிக்கை :-) 1790-ல் கடன்காரர்களுக்கு நாமம் போட்டிருந்தால் இந்தக் காகிதத்தை யார் தொட்டிருப்பார்கள்? ஹாமில்டன் சேர்த்துவைத்த குட்வில்லைச் செலவழித்தவர் அவருடைய எதிரி. நிலம் வாங்க அரசியல் சட்டத்தில் அதிகாரம் எழுதப்படவில்லை என்ற உறுத்தல் ஜெஃபர்சனுக்கே இருந்தது, விழுங்கிவிட்டார். மேடிசனும் அப்படித்தான். 1791-ல் வங்கியை எதிர்த்தவர், அது 1811-ல் காலாவதியானபின் 1812 போரில் நிதிக்குத் திண்டாடி, 1816-ல் 3.5 கோடி மூலதனத்தில் இரண்டாவது வங்கிக்குத் தாமே கையெழுத்திட்டார்.

ஆனால் பழைய பேரேட்டை அப்படியே வாங்கிக்கொள்வதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பேரேட்டில் சொத்துப் பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். முதல் ஐந்து ஜனாதிபதிகளில் ஆடம்ஸ் தவிர நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரும் 1793 சட்டத்தில் கையெழுத்து வாஷிங்டனுடையது. 1807-ல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவதைத் தடுக்கும் சட்டத்துக்கு ஜெஃபர்சன் ஒப்புதல் கொடுத்தார், உள்நாட்டு விற்பனையை அது நிறுத்தவில்லை. லூசியானாவில் வாழ்ந்த பூர்வகுடிகளிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாட்டின் கடனைக் குறைத்த ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தபோது அவருடைய சொந்தக் கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். உயிலில் அவர் விடுதலை கொடுத்தது 5 பேருக்கு. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் போட்டார்கள். வீட்டுச் சாமான், தானியம், கால்நடை, அவற்றோடு ஏறக்குறைய 130 மனிதர்கள். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை.