புன்னக்காயலில் டப்பா ஒளித்தால் கிடைக்குமா?

சின்ன டப்பா ஒன்றை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் சொல்லித் தேடவிடும் விளையாட்டு ஜியோகேச்சிங். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஆரிகனில் தொடங்கியது. கயாக்கில் துடுப்பு போட்டுப் போய்த் தேடுபவர்களும் உண்டு.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் இதற்குத் தோதான இடம்தான். அலையாத்தி மரங்கள், சேற்றில் நண்டுகள், மீனுக்குக் காத்திருக்கும் கொக்குகள்... துடுப்புச் சத்தமே அதிகம் என்று தோன்றும்.

ஆனால், டப்பா வைத்த இடத்திலேயே இருக்குமா? துறைமுகங்களையே இடம் மாற்றிய ஆறாச்சே இது! பாண்டியரின் முத்துத் துறை கொற்கை. வண்டல் சேர்ந்து கடல் விலக, துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய 'காயல்' அதுதான் என்பார்கள். அதுவும் தூர்ந்த பிறகு புன்னக்காயல், அப்புறம் தூத்துக்குடி. புன்னக்காயல் மீனவர்களுக்கு இது பழங்கதையல்ல. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகு கடலுக்குள் போகாது.

பிளாஸ்டிக் டப்பாவும் இங்கே வேண்டாம். வெள்ளம் வந்தால் நேரே கடலுக்குத்தான் போகும். டப்பாவே இல்லாமல், போய்ப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் வகையும் இந்த விளையாட்டில் இருக்கிறது. கேள்வியும் தயார்: கொற்கையின் பழைய வன்னி மரத்தடியில் நின்றால், கடல் எத்தனை கிலோமீட்டர்?