கோயில் பிக்கப்பின் நாலு பிளக்

மாசி மகம் வேலை ஆரம்பிச்சாச்சு. டவுன் பொய்யாத விநாயகர் கோயில்ல இருந்து ரதம் செங் சன்னாசிமலைக்கு வர்றதுக்குள்ள நம்ம பிக்கப்பும் தயாரா இருக்கணும். போன வருஷம் நடந்தது சிலருக்கு இன்னும் தெரியாது, அதனால எழுதுறோம்.

அன்னைக்கு ராத்திரி தண்ணீர்ப் பந்தல்ல ஒரு பாட்டிக்கு மயக்கம். பிக்கப்புல உட்கார வச்சு கிளினிக்குக்குக் கிளம்பினோம். மேடு ஏறும்போதே வண்டி குலுங்குச்சு, சிவப்பு விளக்குல நின்னதும் எஞ்சின் அணைஞ்சு போச்சு. மூணு தடவை சாவி திருப்பியும் வரல. பின்னால வந்த ஒரு மலாய்க்காரர் தன் காடியில பாட்டியை ஏத்திக்கிட்டுப் போனார். பாட்டி இப்போ நல்லா இருக்காங்க. ஆனா ரோட்டுல நின்ன அந்தப் பத்து நிமிஷம் இன்னும் நெஞ்சுல இருக்கு.

ஏன்னா, அதுக்கு மூணு மாசம் முன்னாடியே வண்டி சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்துச்சு. நிக்கும்போது ஆடுச்சு. பெட்ரோல் கூட குடிச்சுச்சு. கூட்டத்துல ஒரு தம்பி பிளக் மாத்தணும்னு சொன்னான். "ஓடுதுல்ல தம்பி, உண்டியல் காசு ஏன் வீணா?"ன்னு கேட்டது நாங்கதான். ஃபேக்டரியில ஒரு மெஷினைக்கூட தேதி எழுதாம ஓட விடாத நாங்க! நாலு சாதாரண பிளக் ஐம்பது வெள்ளிக்குள்ள முடிஞ்சிருக்கும்.

நம்ம வண்டி புரோட்டோன் அரேனா, 2002-ல வந்த மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல். (டீசல் ஹைலக்ஸ் வச்சிருக்கிறவங்க தேடாதீங்க, உங்க எஞ்சின்ல தீப்பொறி பிளக்கே கிடையாது.) கழட்டிப் பார்த்தா முனை தேய்ஞ்சு உருண்டை ஆயிருந்துச்சு. இடைவெளி 1 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கணும், 1.5 வந்துடுச்சு. இடைவெளி கூடக் கூட பொறி தாண்டுறதுக்கு அதிக வோல்டேஜ் வேணும். பாரம் ஏத்தி மேடு ஏறும்போது அது முடியாமப் போகும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், அந்தச் செலவு வேற.

சாதாரண நிக்கல் பிளக்குக்கு 20,000 கிலோமீட்டர்னு ஒரு கணக்கு உண்டு. இரிடியம்னா 1,00,000 வரைக்கும் போகும். ஆனா கோயில் வண்டிக்கு மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பசாருக்குப் போறது, வர்றது, நின்ன இடத்துல எஞ்சின் ஓட விடுறது, இவ்வளவுதான் அதோட ஓட்டம். பிளக் முனை 450 டிகிரிக்கு மேல சூடானாத்தான் கரி தானா எரியும். நம்ம வண்டி அந்தச் சூட்டுக்கு வர்றதே அபூர்வம். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி நிறம் பார்க்கணும். வெளுத்த காப்பி நிறம்னா நல்லது. காய்ஞ்ச கரின்னா பெட்ரோல் அதிகம், இல்லாட்டி பொறி பலவீனம். எண்ணெய்ப் பசைன்னா எஞ்சினுக்குள்ள வேற வேலை இருக்கு, பட்டறைக்குப் போயிடணும். வெள்ளையா கொப்புளம் இருந்தா சூடு மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

மாத்தினா நாலையும் சேர்த்து மாத்தணும், எஞ்சின் ஆறின பிறகு. முதல்ல கையாலேயே திருகுங்க. தலைப்பகுதி அலுமினியம், மரை போயிட்டா பெரிய செலவு.

இப்போ டேஷ்போர்டுல ஒரு நோட்டு வச்சிருக்கோம். மாத்தின தேதி, மீட்டர் நம்பர், கையெழுத்து. ஓட்டுறவங்க ஆட்டம் தெரிஞ்சா அதுல எழுதுங்க, திட்ட மாட்டோம்.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயில் பின்பக்கம் பிளக் கழட்டுறோம். பிளக் சாக்கெட்டை யாரோ வாங்கிட்டுப் போனீங்க, யாருன்னு கேட்கல, கொண்டு வந்துடுங்க.

முருகன் துணை.