கரப்பான் பண்டம்

எங்கள் ஊர் சாமியின் பெயர் திருமேனியழகர். காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய திருவேட்டக்குடி. என்.ஐ.டி. புதுச்சேரி இருக்கிற ஊர் என்றால் இப்போது பலருக்குத் தெரியும். சம்பந்தர் பாடிய தலம். அப்படி மேனி அழகர் இருக்கிற ஊரில் முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் கரப்பானோடு வளர்ந்தவன் நான். "சாமி பேரு அழகரு, உன் பேரு சொறியனாடா?" என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் கேட்டபோதுதான் அந்த முரண் எனக்கு உறைத்தது.

அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. கருவாடு கூடாது. இறால், நண்டு கூடாது. கத்திரிக்காய் கூடவே கூடாது. எல்லாம் கரப்பான் பண்டம். மேலுக்குக் குப்பைமேனி இலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசிவிடுவாள். எரியும். என் தோலுக்கும் சாப்பாட்டுக்கும் இருந்த உறவு ஒரே ஒரு சொல்தான்: வேண்டாம்.

இருபத்தேழு வயதில் வேலைக்காக சிங்கப்பூர் போனேன். தோ பாயோவில் ஒரு சீனப் பாட்டியின் வீட்டில் அறை வாடகைக்கு. அங்கே எல்லாரையும் போல நானும் அவரை ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். நாள் முழுக்க ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து தோல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. முழுக்கை சட்டையிலேயே திரிந்தேன். ஒருநாள் துணி காயப்போடும்போது என் கையைப் பார்த்துவிட்டார். "யூ வெரி ஹீட்டி லா" என்றார். சிரித்துவிட்டேன். ஆச்சி சொல்லும் 'சூட்டு உடம்பு'தான், வேறு பாஷையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒரு கிண்ணம் இருந்தது. தெளிவான, லேசாகக் கொழகொழத்த இனிப்பு சூப். அதில் மிதந்தது வெள்ளைக் காளான். சீனத்தில் யின்-அர், வெள்ளிக் காது. காய்ந்திருக்கும்போது மஞ்சள் பாய்ந்த கடற்பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டால் பூவாக விரியும். அடியில் இருக்கும் கெட்டியான காம்பை வெட்டிவிட்டு, பிய்த்துப் போட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம். கூடவே தாமரை விதை, கற்கண்டு, சிவப்புப் பேரீச்சை. பேரீச்சை என்பது பேருக்குத்தான், அது நம் இலந்தையின் ஒன்றுவிட்ட தங்கை. அதன் கொட்டையை எடுத்துவிட வேண்டும், கொட்டை சூடாம். கோஜி பெர்ரி கடைசி பத்து நிமிடத்தில்.

ஆண்ட்டியின் விளக்கம் எளிமையானது. வெள்ளைப் பண்டம் நுரையீரலுக்கு ஈரம் தரும். தோலை ஆள்வது நுரையீரல். சீன வைத்தியத்தின் பழைய கணக்கு அது.

நான் இன்ஜினியர். ஆதாரம் தேடினேன். இந்தக் காளான் மரத்தில் தானாக வளர்வதில்லை, மரத்தில் இருக்கும் இன்னொரு பூஞ்சையை உண்டு வாழ்கிறது. அதனால் காட்டில் அபூர்வம், பணக்காரர்கள் வீட்டுப் பண்டம். இருபதாம் நூற்றாண்டில் வளர்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எல்லார் வீட்டுக்கும் வந்தது. அதன் பசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் முகப்பூச்சுகளிலும் சேர்க்கிறார்கள். ஆனால் வயிற்றுக்குள் போகும் பசை அப்படியே முழங்கைக்கு வந்து சேராது. என் கரப்பானை அடக்கியது டாக்டர் தந்த களிம்பும், குளித்தவுடன் தவறாமல் தடவிய மாய்ஸ்சரைசரும்தான். ஆண்ட்டியிடம் இதைச் சொன்னேன். "களிம்பும் போடு, சூப்பும் குடி" என்றார்.

குடித்தேன், மூன்று வருடம். தோலுக்காக ஒருவர் எனக்குச் சாப்பிடக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அங்கேயே ஒவ்வாமைப் பரிசோதனையும் செய்துகொண்டேன். இறால், நண்டு எதுவும் எனக்கு ஒவ்வாமை இல்லை. அம்மாவின் பட்டியல் முழுக்க வீண். இதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று, ஒரு பாக்கெட் வெள்ளைக் காளானோடு ஊருக்கு வந்தேன்.

அம்மா உளுந்து மாதிரி ராத்திரியே ஊறப்போடப் பார்த்தாள். தடுத்தேன். அதிக நேரம் ஊறினால் ஒரு பாக்டீரியா விஷம் உண்டாக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் போகாது, சீனாவில் உயிர் போயிருக்கிறது. காலையில் ஊறி விரிந்ததைப் பார்த்து, "நோன்புக்கு பாய் வீட்லேருந்து வருமே, கடல்பாசி, அது மாதிரி இருக்கேடா" என்றாள்.

மூன்று பேரும் குடித்துக்கொண்டிருந்தபோது வாய் விட்டேன். "பாரும்மா, அந்த ஊர்ல தோலுக்குன்னு சாப்பிடக் குடுக்கறாங்க. நீ எல்லாத்தையும் நிறுத்தின."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "நீ ஹாஸ்டல் போற வரைக்கும் இந்த வீட்ல இறால் வாங்கினதே கிடையாதுடா. அம்மாவுக்கு இறால்னா உசுரு. புள்ள முன்னாடி எப்படித் திங்கறதுன்னு விட்டுட்டா. கத்திரிக்காயும்தான்."

எங்கள் வீட்டில் யாருக்கும் இறால் பிடிக்காது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில், அவள் இறால் இல்லாமல் இருந்திருக்கிறாள். பரிசோதனை ரிசல்ட் என் போனில் இருந்தது. அதை அன்று திறக்கவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை ஒரு கிலோ இறால் வாங்கி வந்தேன். "இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணாதும்மா, வறுத்துக் குடு" என்றேன். அம்மா பையைத் திறந்து பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, முழங்கை மடிப்பைத்தான் முதலில் பார்த்தாள்.