ஒரு நிமிஷத்து நெருப்பு

2022 ஏப்ரல்ல 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆனது. டவுன்ல வரிசை நீண்டது. லயத்தில பெருசா ஒன்றும் மாறவில்லை. அங்கே எப்பவும் மிலாறுதான், புகைதான். அந்த நாள்களில்தான் சாணத்தில் கேஸ் எடுக்கலாமா என்று நாங்களும் செய்து பார்த்தோம்.

ஐந்து லீட்டர் பிளாஸ்டிக் கேன். பாதிவரை சாணமும் அதே அளவு தண்ணியும். வாயில் ஒரு பலூன். அவ்வளவுதான். காற்றுப் போகாத அந்த இருட்டில் ஒரு கூட்டம் பாக்டீரியா கழிவை உடைத்துக் கரைக்கும். இன்னொரு கூட்டம் அதை அமிலமாக்கும். கடைசியில் மெத்தேன் உண்டாக்குவது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறொரு உயிரினம். அதைத் தனி வகையென்று 1977ல் அடையாளம் காட்டியவர் கார்ல் வூஸ்.

முதல் வாரத்திலேயே பலூன் எழும்பலாம். ஆனா அந்த வாயு எரியாது. அதில் பெரும்பாலும் கார்பனீரொட்சைட்டுதான். மெத்தேன் பாதியளவாவது சேர இன்னும் சில வாரம் வேணும். அதுவும் 35 பாகை செல்சியஸ் சூட்டில்தான் இவை நல்லா வேலை செய்யும். 15க்குக் கீழே போனா கிட்டத்தட்ட தூங்கிவிடும். பதுளை டவுனைவிட ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கேனைச் சாக்கால் போர்த்தி வைக்கணும். பரிசோதிக்கிறவங்க கேனை இறுக்கி மூடாதீங்க, வெடிக்கும். வெளியில வைத்து, கேனுக்குத் தூரமாகத்தான் பற்ற வைக்கணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். பலூனில் இருக்கும் இரண்டு மூன்று லீட்டர் ஒரு நிமிஷம்கூட அடுப்பு எரிக்காது. ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ சாணம் போட்டால் ஏறக்குறைய 400 லீட்டர் வாயு. ஒரு அடுப்பு சுமார் ஒரு மணித்தியாலம் எரியும். சோறு வடிக்கப் போதும். மிச்சக் கரைசல் மரக்கறிப் பாத்திக்கு உரம்.

ஆனா மாட்டைக் கட்ட இடம் வேணும், தொட்டி வெட்ட மண் வேணும். காம்பராவும் வாசலும் தோட்டத்துக்குச் சொந்தமா இருக்கும்போது எங்கே வெட்டுவது? கழிவு நம்மகிட்ட இருக்கு, உயிரிகள் சும்மாவே வேலை செய்யும். இல்லாதது நிலம் மட்டும்தான். அதனால ஏழு பேர்ச்சஸ் பற்றிப் பேசும்போது நாலு சுவரோடு நிறுத்த வேண்டாம். நாலைந்து வீட்டுக்குப் பொதுவா ஒரு கொட்டிலும் ஒரு தொட்டியும் அந்தப் படத்தில் இருக்கணும். நம்ம அம்மாமாருடைய நெஞ்சில் படிகிற புகைக்கு இதைவிடச் சின்னப் பதில் போதாது.