மேகத்துல ஒரு கடன் நோட்டு!

சிவகிரியில மாமாவுக்கு உரக்கடை. போன ஐப்பசி மழையில கரண்ட் வந்து வந்து போனதுல, கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் அவுட்! ரெண்டு வருஷக் கணக்கு காலி. கடன் பாக்கியைக் காப்பாத்தினது, ஓரம் சுருண்ட பழைய நோட்டுதான்.

"க்ளவுடுக்கு மாறுங்க மாமா! உலகம் பூரா சாஃப்ட்வேர் விக்கிற ஸோஹோவே நம்ம தென்காசி மத்தளம்பாறையில இருக்கு"ன்னு இன்ஜினீயரிங் அறிவைக் காட்டினேன்.

"மாச வாடகை கட்டலைன்னா என் கணக்கை நானே பார்க்க முடியுமா, மருமவனே?"

முழிச்சேன். (சிலபஸ்ல இல்லீங்க!)

யோசிச்சா, இந்தக் கடைக்கு மொத்த மேகமும் வேணாம். கடைக்கு வெளியே ஒரு காப்பி இருந்தா போதும். கூகுள் டிரைவ்ல 15 ஜிபி வரை இலவசம். கணக்கு ஃபைல் தினம் அங்கே போயிடுது. கடை சாத்துறப்ப அன்னிக்கு எழுதின நோட்டுப் பக்கத்தையும் மாமா போன்ல படம் பிடிச்சு ஏத்திடுறாரு.

நோட்டு மட்டும் இன்னும் கல்லாவுக்குள்ளதான்.