மார்த்தாண்டத்துத் தேன் பெட்டிகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் மார்த்தாண்டத்தை அடைந்து, உட்கிராமங்களின் பக்கம் திரும்பினால் ஒரு வேடிக்கையைக் காணலாம். வாழைக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு கால் நட்டு, அதன்மேல் சிறு மரப்பெட்டியை வைத்திருப்பார்கள். புதிதாய் வருபவர் தபால் பெட்டியோ என்று மயங்குவார். அருகில் போனால்தான் உள்ளே குடியிருப்போரின் ரீங்காரம் கேட்கும்.

இப்பெட்டிக்குச் சரித்திரம் உண்டு. நம் நாட்டுத் தேனீயின் சிறிய உருவத்துக்கு ஏற்ற பெட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவர் நியூட்டன் பாதிரியார். 1920-களில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.ஸி.ஏ.யின் கிராம புனருத்தாரண நிலையத்தை நடத்தியபோது, ஏழைக் குடியானவர்களுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பும் கற்பிக்கப்பட்டது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் ஸமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ல்தான் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது.

இங்கே தேன் முழுவதும் மலரிலிருந்து வருகிறது என்று எண்ணினால் ஏமாந்து போவீர்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இளந்தளிரின் காம்பு நுனியில் மது சுரக்கிறது. மாசி, பங்குனியில் பெட்டிகள் நிறைகின்றன. பெட்டிகளை லாரியில் ஏற்றி ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. மற்ற மாதங்களிலோ? ஆனி, ஆடி மழையில் தேனீக்கள் பசித்திருக்கும். சிரட்டையில் சர்க்கரைப் பாகு ஊற்றி வைக்க வேண்டும். எறும்பு ஏறாமல் காக்க வேண்டும். அடைகளைத் தூக்கிப் பார்த்து ராணி நலமா என்று அறியவேண்டும். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடுவே இவ்வளவையும் செய்பவர்கள் வீட்டுப் பெண்களே.

"எனக்கு ஒரு சென்ட் நிலம் இல்ல, சாரே. பெட்டி வைக்க வேலி ஓரம் போதும். ஈ எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பட்டா உண்டான்னு ஆரும் கேக்க மாட்டாவ" என்றார் ஓர் அம்மாள். இத்தொழிலின் பெருமையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

ஆயினும் தனியே நிற்பவளுக்கு இத்தொழில் அபாயமானது. 1991-ஐ ஒட்டித் தென்னாட்டில் ஒரு வைரஸ் நோய் பரவியபோது, புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி மடிந்தன. எண்ணற்ற பெட்டிகள் காலியாயின. தப்பிய தேனீக் குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டது. ஒருத்தியின் பெட்டி காலியானால், அடுத்தவள் தன் கூட்டைப் பிரித்துக் கொடுத்தாலன்றி அவளுக்கு மறுவாழ்வு ஏது? 1989-ல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய பெண்களின் சுய உதவிக் குழு முறை இங்கேதான் பயன்படுகிறது. தேன் பிழியும் யந்திரம் ஒன்று பலருக்குப் போதும். சர்க்கரையை மொத்தமாக வாங்கலாம். அறைகளின் வாய் மெழுகால் மூடும்வரை பொறுத்து எடுத்த நல்ல தேனுக்கு, வியாபாரி சொன்ன விலையை வாங்காமல், சேர்ந்து நின்று விலை பேசலாம்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. பெட்டி யார் பெயரில்? பாஸ் புத்தகம் யார் பெயரில்? தேன் கூட்டிலே உழைக்கும் ஈக்கள் யாவும் பெண் ஈக்கள் என்பதைக் குழந்தைகளுக்குப் பாடமாகச் சொல்கிறோம். ஆண்டு முழுதும் கூட்டைக் காத்தவள் மனைவி. பணம் வரவாவது கணவன் கணக்கில் என்றால் அது என்ன நியாயம்? மழைக்காலத்தில் பாகு ஊற்றிய கைதான் தேன் காலத்தில் கையெழுத்தும் போடவேண்டும். அப்போதுதான் அந்தத் தேன் முழுதும் இனிக்கும்.