ஓய்வும் உரிமையே

புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைற் மணலை அகழ்வதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தையே நிறுவியது. அங்கு உழைப்பவனுக்கு வார விடுமுறை உண்டு. அவன் வீட்டிலே, படுக்கையில் கிடக்கும் முதியவரைப் புரட்டி, துடைத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணுக்கு அது இல்லை. அவள் செய்வதும் உழைப்பே என்று எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

அத்தகைய ஒருத்தியை நான் அறிவேன். ஆண்டுக்கணக்காக வாப்பாவைப் பராமரிப்பவள். "ஒரு நாளைக்கு முழுசா நித்திர கொள்ளணும், சேர்" என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது வைத்தது. நன்று. அந்தப் பிள்ளை களைத்து விழுந்தால் தாங்குவது யார்? ஜேர்மனியில் 1995இல் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்புறுதி, வீட்டார் ஓய்வெடுக்கும் நாட்களில் மாற்றாள் அமர்த்தப் பணம் தருகிறது. உழைப்போரும் முதலாளிகளும் செலுத்தும் சந்தாவே அதன் நிதி.

நம்மால் இயலாதா? 2009இல் போரில் காயமுற்றோருக்காக இந்திய மருத்துவக் குழுவொன்று இதே புல்மோட்டையில் தற்காலிக மருத்துவமனை அமைத்தது. அவசரம் என்று உணர்ந்தபோது கட்டில்களும் வந்தன, மருத்துவரும் வந்தனர். ஒருத்தியின் பல்லாண்டுக் களைப்பு மட்டும் அவசரமாகத் தோன்றாதது ஏன்?

மாணவ நண்பர்களே, அவளைத் தியாகி என்று போற்றியது போதும். பொதுப்பணத்தில் அவளுக்கு ஓய்வுநாள் கேட்போம்.